நம் வீட்டைக் காட்டிய மூன்று படங்கள்

சினிமா என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் நம் சமுதாயத்தில் இன்றும் உளர். அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. ஆபாசத்தையும் ஆரவாரத்தையும் கண்டு அஞ்சி ஒதுங்கியோர் அவர்கள். எனினும் அவ்வாறு ஒதுங்கியதில் நமக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. 1968 முதல் 1978 வரையிலான காலத்தில், நம்முடைய வீடுகளைப் போன்ற வீடுகளை உண்மையோடு காட்டிய சில படங்கள் வெளிவந்தன. பெரிய நட்சத்திரங்களின் ஆரவாரமும் பெரும் விளம்பரமும் இல்லாத அவை நம் ஊர்க் கொட்டகைகளை எட்டவில்லை. நாமும் அவற்றைத் தேடிச் செல்லவில்லை. அவற்றுள் மூன்றை இங்கே ஆராய முற்படுகிறோம்.

தமிழ்த் திரை நம்மை எவ்வாறு காட்டி வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’, இஸ்லாமியப் பெரியவரால் வளர்க்கப்பட்ட ஒருவனைக் கதாநாயகனாக்கி மத நல்லிணக்கம் பேசிற்று. நோக்கம் நல்லது, நன்றியுடன் நினைக்கத் தக்கது. 1992இல் வந்த ‘ரோஜா’விலோ முஸ்லிம் துப்பாக்கியோடு நின்றான். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே கைலியும் தொப்பியுமாக வந்து, நல்வார்த்தை கூறி, பிறர் துயர் துடைத்துப் போகும் ‘பாய்’மார்கள் எத்தனையோ பேர். அந்தப் பாய்க்குக் கடன் உண்டா, குடியிருக்கும் வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, மகளுக்கு வரன் தகைந்ததா என்று தமிழ்த் திரை கேட்டது மிக அரிது. அவருக்கு ஒரு மார்க்கம் இருந்தது. குடும்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இக்கேள்விகளை எல்லாம் கேட்ட படம், எம்.எஸ். சத்யு 1973இல் எடுத்து, தணிக்கையில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்து, 1974இல் திரைக்கு வந்த ‘கரம் ஹவா’. ‘வெப்பக் காற்று’ என்பது பொருள். இஸ்மத் சுக்தாயின் அச்சேறாத ஒரு கதையிலிருந்து கைஃபி ஆஸ்மியும் ஷமா ஸைதியும் திரைக்கதை அமைத்தனர். அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த கடனும் நண்பர்களின் உழைப்புமே முதலீடு. தேசப் பிரிவினைக்குப் பின் ஆக்ராவில் தங்கிவிட்ட காலணி உற்பத்தியாளர் சலீம் மிர்ஸாவின் குடும்பம் சிறிது சிறிதாகச் சிதைவதே கதை.

“பிரிவினை வடநாட்டார் துயரம், நமக்கென்ன?” என்று கேட்பவர் உண்டு. திண்டுக்கல்லில் வாழ்வோர் அவ்வாறு எளிதில் கேட்டுவிட முடியாது. ராவுத்தர்மாரும் உருது பேசுவோரும் அருகருகே வாழும் இவ்வூர், பூட்டுக்கும் சுருட்டுக்கும் போலவே தோலுக்கும் பெயர்பெற்றது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் இங்கிருந்து கடல் கடந்து சென்றது. தோல் வணிகத்தின் உயிர்நாடி எதுவென இவ்வூர்க் குடும்பங்கள் அறியும். பச்சைத்தோலை இன்று வாங்க வேண்டும். அது சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் வாரக்கணக்கில் கிடக்கும். விற்ற பணம் பின்னரே வந்து சேரும். அந்த இடைவெளியை நிரப்புவது கடன். கடன் என்பது ஒரு மனிதனின் சொல்லின்மேல் ஊரார் வைக்கும் மதிப்பு.

சலீம் மிர்ஸாவுக்கு அந்த மதிப்பே மறுக்கப்படுகிறது. அவர் எவரையும் ஏமாற்றியவரல்லர். ஆயினும் பாகிஸ்தான் சென்ற பலர் கடனைத் தீர்க்காமல் போயினர். நீரும் போகமாட்டீர் என்பது என்ன நிச்சயம் என்று கேட்கிறார்கள். அவர் உரத்துப் பேசுவதில்லை, எழுந்து வருகிறார். பால்ராஜ் ஸாஹ்னியின் முகத்தில் அப்போது படரும் அமைதி, பக்கம் பக்கமாக எழுதினாலும் சொல்ல முடியாதது. ராவல்பிண்டியில் பிறந்த இந்து அவர்; பிறந்த மண் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அத்தகையவர், மண்ணைவிட்டுப் போக மறுக்கும் முஸ்லிமாக நடித்தார். 1973 ஏப்ரலில், படம் வெளிவரும் முன்னரே காலமானார்.

வீட்டின் கதையும் இதுவே. வீடு அண்ணன் பெயரில் இருக்கிறது. போகவே மாட்டேன் என்று மேடையில் முழங்கிய அண்ணன் போய்விட, வெளியேறியோர் சொத்து என்று வீடு அரசின் கைக்குப் போகிறது. மணமகளாக வந்த நாள்முதல் அவ்வீட்டில் வாழ்ந்த மூதாட்டி, வெளியேற மறுத்து விறகறையில் ஒளிந்துகொள்கிறார். அவரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பாகப்பிரிவினை செய்யாமல் ஒரே பெயரில் பத்திரத்தை விட்டுவைத்த நம் குடும்பங்கள் எத்தனை! அக்காட்சியைக் காணும் எந்த வீட்டுப் பெரியவருக்கும் மனம் கலங்காதிராது.

இனி ஆப்பிரிக்கா செல்வோம். செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1968இல் எடுத்த படம் ‘மந்தாபி’. பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற அவர், எழுத்தறியாத தம் மக்களை எட்டவே திரைக்கு வந்தார். மக்கள் பேசும் வோலோஃப் மொழியிலேயே இப்படத்தை எடுத்தார். பாரிஸில் தெருக்கூட்டும் மருமகன், தக்கார் நகரில் வாழும் இப்ராஹீம் தியேங்குக்கு 25,000 பிராங்குக்கு மணியார்டர் அனுப்புகிறான். அதில் 2,000 மட்டுமே அவருக்கு. 3,000 அவனுடைய தாய்க்கு. எஞ்சியது அவனுக்கான சேமிப்பு. பணம் கைக்கு வரும் முன்பே கடன் கேட்போர் வாசலில் கூடிவிடுகின்றனர். அஞ்சலகமோ அடையாளச் சீட்டு கேட்கிறது. அதற்குப் பிறப்புச் சான்று வேண்டும், நிழற்படம் வேண்டும். ஐந்து வேளை தொழும் அந்தப் பெரியவர், தாம் பிறந்ததை மெய்ப்பிக்க முடியாமல் சாளரம் சாளரமாக அலைகிறார். இறுதியில் படித்த உறவினன் ஒருவனே அவரிடம் அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிப் பணத்தை விழுங்கிவிடுகிறான். சபுராளிகளின் மணியார்டருக்காகக் காத்திருந்த நம் கடற்கரை ஊர்களுக்கு இக்கதையை விளக்கவும் வேண்டுமோ?

மூன்றாவது, முஸஃபர் அலீ 1978இல் எடுத்த ‘கமன்’. உத்தரப்பிரதேசக் கிராமத்து குலாம், பிழைப்புக்காகப் பம்பாய் சென்று டாக்ஸி ஓட்டுகிறான். ஊரில் நோயுற்ற தாயும், ஸ்மிதா பாட்டீல் நடித்த இளம் மனைவியும் காத்திருக்கின்றனர். ஊர் திரும்ப ரயில் நிலையம் வரை வந்தவன், சேர்த்த பணத்தில் பாதி பயணச் சீட்டுக்கே போய்விடுமே என எண்ணி நின்றுவிடுகிறான். ரயில் புறப்பட்டுவிடுகிறது. பிரிவை மனைவியின் பக்கம் நின்றும் பார்த்த அருமை இப்படத்துக்கு உண்டு.

மூன்றையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. இம்மூன்று வீடுகளிலும் நாணயமான ஒருவர் இருக்கிறார். அவர் சொல் வீட்டுக்குள் செல்லும். வெளியிலோ காகிதம் கேட்கிறார்கள்: பத்திரம், பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பயணச் சீட்டு. சொல்லுக்கும் காகிதத்துக்கும் நடுவே சிக்கிய குடும்பத்தின் கதையே இப்படங்கள். இக்கேள்வி அந்தப் பத்தாண்டுகளோடு முடிந்ததா என்பதை வாசகர்களே தம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ‘கரம் ஹவா’வில் மகள் ஆமினா இருமுறை மணம் தவறி, தற்கொலையில் முடிகிறாள். ஆண்கள் எல்லை கடந்து போய் வருகின்றனர். விலை கொடுப்பவள் அவள். நம் மார்க்கம் விலக்கிய அம்முடிவை நோக்கி அவளைத் தள்ளிய இயக்குநர், வேறொரு வழி காண முயன்றிருக்கலாம் என்றே தோன்றுகிறது. வேலை கேட்டு வரும் ஊர்வலத்தில் மகனும் தந்தையும் கலந்துவிடும் இறுதிக் காட்சி மனத்துக்கு ஊக்கம் தருகிறது. ஆனால் அத்தனை காயங்களையும் ஒரு கணத்தில் ஆற்ற முனைகிறது. மேலும், மிர்ஸாவின் பட்டறையில் உழைப்போர் பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றனர்.

அந்தக் கடைசிக் குறையைத் தமிழ் எழுத்து நிறைவு செய்திருக்கிறது. திண்டுக்கல்லில் வாழ்ந்த டி. செல்வராஜ், இவ்வூர்த் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வைத் ‘தோல்’ என்னும் நாவலாக்கினார். 2012இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுண்ணாம்புக் குழிக்குள் நின்று பார்த்தால் முதலாளியின் வீடு எப்படித் தெரியும் என்பதை அறிய விரும்புவோர், ‘கரம் ஹவா’வோடு அந்நாவலையும் சேர்த்துப் படித்தல் நலம். மிர்ஸாவுக்காகக் கலங்கும் கண், குழியில் நிற்பவனுக்காகவும் கலங்க வேண்டும். அதுவே நீதி. அவ்வாறே தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ ஒரு வீட்டின் சரிவை எழுத்தில் காட்டிற்று. எழுத்தில் நமக்கு வீடு இருக்கிறது. தமிழ்த் திரையில்தான் இன்னும் கட்டப்பட வேண்டியிருக்கிறது.

பழுதுபார்க்கப்பட்ட ‘கரம் ஹவா’ 2014இல் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. பழைய படங்களைத் தேடிக் காண்பது இன்று முன்போல் அரிதன்று. விடுமுறை நாளொன்றில் பாட்டியார் முதல் பேரப்பிள்ளைகள் வரை ஒன்றாக அமர்ந்து இவற்றைப் பாருங்கள். மொழி புரியாத இடத்தைப் பிள்ளைகள் விளக்கட்டும், வாழ்வு புரியாத இடத்தைப் பெரியவர்கள் விளக்கட்டும். நம் கதையைப் பிறர் தவறாகச் சொல்கிறார்கள் என்று வருந்துவது நியாயமே. அதைச் சரியாகச் சொல்ல வல்ல பிள்ளை நம் வீட்டிலேயே வளரக்கூடும். நல்ல படம் எதுவென அப்பிள்ளைக்குக் காட்டுவது நம் கடமை.