படிவத்தில் இல்லாத உழத்தி

பிரதிகளை வாசிக்கவும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவும்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நான் வாசித்தவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது ஒரே ஒரு தாள். கஜா புயலுக்குப் பிறகு என் சித்திக்காக நிரப்ப உட்கார்ந்த நிவாரண விண்ணப்பம் அது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் புயல் கரையேறியது. தஞ்சாவூர், புதுக்கோட்டை வரை தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் அது 1,92,500 ரூபாய் ஆகும்.

சித்தப்பா காலமான பிறகு பதினோரு வருடம் அந்தத் தோப்பைப் பார்த்துக்கொண்டவர் சித்தி. கோடையில் குடம் சுமந்து கன்றுகளைக் காப்பாற்றியவர். பட்டா சித்தப்பாவின் அண்ணன் பெயரில் இருந்தது. "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்றுதான் அலுவலகத்தில் முதலில் கேட்டார்கள். விண்ணப்பம் பெரியப்பா பெயரில் போனது, பணமும் அவர் கணக்குக்கே வந்தது. அவர் நல்லவர், பாதியைக் கொடுத்தார். உரிமையாக வரவேண்டிய பணம் ஒருவருடைய நல்ல மனசால் வந்தது.

அந்தத் தாளை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். அதற்குத் தெரிந்த அலகுகள் மரம், ஹெக்டேர், சேத விழுக்காடு. பேரிடர் நிவாரண விதிகளும் இதே மொழியில்தான் பேசுகின்றன: 33 விழுக்காட்டுக்கு மேல் சேதம் இருக்க வேண்டும், 2 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. 2022இல் திருத்தியபோது பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று தொகை கூடியது, அலகு மாறவில்லை. உழைப்பு என்ற கட்டம் அதில் எங்கும் இல்லை. கீற்று முடைகிறவள், ஈர்க்கு சீவுகிறவள், கயிறு திரிக்கிறவள் எல்லோருக்கும் அன்று காலையிலேயே பிழைப்பு போனது. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். அந்த வருடங்களில் அவள் எதைத் தின்பாள் என்ற கேள்வியைப் படிவம் கேட்கவே இல்லை.

'விவசாயி' என்பது இருபாலுக்கும் பொதுவான சொல் என்று இலக்கண வகுப்பில் சொல்கிறேன். அலுவலக மேசையில் அது ஆண்பாற் சொல்லாகிவிடுகிறது. நம் மொழியில் உழத்தி என்ற சொல் இருக்கிறது. பள்ளு இலக்கியத்துக்கு உழத்திப்பாட்டு என்றே இன்னொரு பெயர் உண்டு. ஒரு இலக்கிய வகைக்கே பெயர் கொடுத்தவளுக்கு வருவாய்ப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிலத்தைக் கையாள்வோராகப் பதிவான பெண்கள் சுமார் 14 விழுக்காடு. நடவு வயலில் குனிந்து நிற்பவர்களை எண்ணிப் பார்த்த யாருக்கும் இந்தக் கணக்கு இடிக்கும்.

"பணம் குடும்பத்துக்குத்தானே வருகிறது, யார் பெயரில் வந்தால் என்ன?" என்று என் மாணவியே ஒருமுறை கேட்டாள். அவளிடம் கடன் எப்படி வருகிறது என்று யோசிக்கச் சொன்னேன். நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாக்கி அவர்கள் பெயரில்தான் கடன் தருகின்றன. புயலடித்த ஊர்களில் கூரை போடும் முன்பே தவணை கேட்டு வந்து நின்றார்கள். சித்தி வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கடனுக்குச் சித்தியின் கையெழுத்து செல்லும், நிவாரணத்துக்குச் செல்லாது. ஒரே குடும்பம் என்றால் இரண்டுக்கும் ஒரே விதி இருக்க வேண்டாமா?

மாற்று வழியை யாரும் யோசிக்காமல் இல்லை. தமிழ்நாட்டில் 1989லேயே மகள்களுக்குச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தம் வந்தது. பெண் விவசாயிகளுக்கு உழைப்பின் அடிப்படையில் சான்றிதழ் தரவேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது நிறைவேறாமலே காலாவதியானது. அதை மீண்டும் கேட்க வேண்டும். அதுவரை, இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் அம்மா பெயர் இருக்கிறதா?