சூளை காணாத மண்

குயவரின் சக்கரத்தையும் சூளையையும் ஒருமுறையேனும் கண்ணால் கண்டிராத சிறுவர் சிறுமியர், பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்து வெண்ணிறக் கட்டியாக ஒரு மண்ணை வெளியே எடுத்து, மேசைமேல் விரித்த பழைய செய்தித்தாளின்மீது யானையும் ஆமையும் பிடித்து வைத்து, இரண்டொரு நாள் கழித்து அவை நெருப்பின் உதவியின்றியே இறுகி நிற்பதைக் கண்டு குதூகலிக்கும் காட்சி, இன்று நம் நகரத்துப் பள்ளிகளில் சர்வசாதாரணமாகிவிட்டது. கடைக்காரர் 'ஏர் டிரை கிளே' என்று சொல்லி விற்கும் இந்தப் பண்டத்தைக் கைவினை வகுப்பின் வரப்பிரசாதமென்று புகழ்வோரும் உண்டு. மண்ணே அல்லாத போலியென்று இகழ்வோரும் உண்டு. என் அபிப்பிராயத்தில் இரு சாராருமே அதன் உண்மையான குணத்தைச் சற்று விலகி நின்றுதான் பார்க்கிறார்கள்.

அது நீக்கிய தடை பெரிது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். களிமண்ணின் உடலோடு ரசாயனமாகப் பிணைந்திருக்கும் நீர் விலகி, அது மீண்டும் சேறாகாத வேறொரு பொருளாக மாறுவதற்குச் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். நம் செம்மண் கலங்கள் நன்றாக வேக வேண்டுமானால் அதைவிடவும் கூடுதலான உஷ்ணம் வேண்டும். இந்த நெருப்பை எந்தப் பள்ளி வளர்க்கும்? வளர்த்தாலும், உள்ளே ஈரம் தங்கிய பொம்மை ஒன்று வெடித்துப் பக்கத்திலிருந்த பத்துப் பிள்ளைகளின் உழைப்பையும் சேர்த்துச் சிதறடிக்கும் விபத்துக்கு யார் பொறுப்பேற்பது? இந்தக் கவலைகளையெல்லாம் ஒரே வீச்சில் ஒழித்து, ஓர் ஓவிய ஆசிரியரும் நாற்பது மாணாக்கரும் ஒரு மேசையும் இருந்தால் போதும் என்ற சௌகரியத்தை அது கொடுத்திருக்கிறது.

ஆயினும் இதைப் புதுமை என்று சொல்வது பொருந்தாது. ஆவணி மாதத்தில் நம் தெருக்களில் விற்கும் பிள்ளையார் சூளை கண்டவரல்லர். காற்றில் உலர்ந்து, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கிணற்றிலோ குளத்திலோ கரைகிறவர். கல்கத்தாவின் குமார்துலியில் மூங்கிலும் வைக்கோலும் கட்டி அதன்மேல் ஹூக்ளி நதிக்கரை மண்ணை அப்பி எழுப்பும் துர்க்கையும் சுடப்படாத மண்ணே. உலரும்போது மண் வெடிக்காமலிருக்க உமியையும் நாரையும் சேர்த்துப் பிசைய வேண்டும் என்பதை நம் கைவினைஞர் பரம்பரையாக அறிவர். பொட்டலக்காரர் பல வகைகளில் செய்திருப்பதும் நாரும் ஏதோ ஒரு பசையும் சேர்த்த அதே காரியந்தான்.

இந்த மண்ணின் விசேஷம் அது உலர்வதில் இருக்கிறது என்பதே என் கட்சி. வகுப்பறை மிக அலட்சியமாக நடத்துவதும் அந்த உலர்தலையே. ஈரம் மேற்பரப்பிலிருந்து முதலில் வெளியேறுகிறது. மெல்லிய காது ஒரு மாலைப் பொழுதில் உலர்ந்துவிட, பருத்த வயிறு மூன்று நாளானாலும் உள்ளே குளிர்ந்தே கிடக்கிறது. உலரும் பாகம் சுருங்குகிறது, உலராத பாகம் சுருங்க மறுக்கிறது. இவ்விரண்டின் இழுபறியில் கழுத்திலும் தொடை இடுக்கிலும் பிளவு காண்கிறது. உள்ளே கம்பியை எலும்பாக வைத்தாலோ, கம்பி சுருங்காது, மண் சுருங்கும், அப்போதும் வெடிப்பே. எங்கும் ஒரே பருமனாகச் செய்வதும், வயிற்றைக் குடைந்தெடுப்பதும், காலை உடலோடு ஒட்டுமுன் இரு முகங்களையும் கீறிக் குழைந்த சேற்றைத் தடவுவதும், விளிம்புகளுக்கு ஈரத்துணி போர்த்துவதும், பொம்மையை அவ்வப்போது திருப்பி வைப்பதும் ஆகிய இவ்வளவும் இந்த ஒரு நியாயத்திலிருந்து பிறந்த ஒழுக்கங்கள். பௌதிகப் பாடப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் ஏறாத விஷயம், தான் பிடித்த மாட்டின் கழுத்து தன் கண்ணெதிரே பிளப்பதைக் கண்ட பையனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

ஆனால் நாற்பத்தைந்து நிமிஷத்தில் மணி அடித்துவிடுகிறது. அடுத்த கைவினை வகுப்பு அடுத்த வாரம். நடுவே யார் திருப்பி வைப்பது, யார் துணி போர்த்துவது? ஒரு பள்ளியில் நான் பார்த்தது இது: முப்பது ஆமைகளையும் சீக்கிரம் காயட்டுமென்று மின்விசிறிக்கு நேர் கீழே வரிசையாக அடுக்கியிருந்தார்கள், திங்கட்கிழமை வெடிப்புகளையெல்லாம் ஆசிரியை பசையிட்டு மூடி, பச்சை வர்ணம் பூசி, கண்காட்சி மேசையில் ஏற்றிவிட்டார். பெற்றோர் வந்து வியந்தார்கள். எந்த ஆமை யார் செய்தது என்று செய்த பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லை. மண் சொல்ல வந்த பாடத்தின்மேல் வர்ணம் பூசியாயிற்று.

1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார், பல ஆண்டுகளுக்கு முன்னரே, மனம்போனபடி உருவம் பிடிப்பதைக் குழந்தையின் இயல்பை அறியும் கருவியாக மட்டும் வைத்து, குடம் வனைவதையும் சிறுசிறு செங்கல் அறுத்துச் சுட்டுச் சுவரெழுப்புவதையுமே கைத்தொழில் என்ற ஸ்தானத்தில் வைத்தார். அந்தக் கண்டிப்பு எனக்கு முழுதும் சம்மதமன்று. நோக்கமின்றிப் பிசையும் விரல்களுக்கும் ஓர் அறிவு உண்டு. எனினும், பயன்படும் பொருளைச் செய்யும்போது மண் தானே பரீட்சகராகி விடுகிறது என்பதை மறுக்க இயலாது. பொட்டல மண்ணின் பலவீனம் வெளிப்படுவதும் இங்கேதான். அதில் செய்த கிண்ணம் நீரைத் தாங்காது. மேலே வார்னிஷ் தடவினாலும் உண்ணும் பாத்திரமாகாது. பச்சை மண் கலத்தில் நீர் ஊற்றிக் காக்க முயலும் பேதைமையை வள்ளுவர் உவமையாக்கியது, அந்தக் கலத்தின் கதி வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த காலத்தில். நம் வகுப்பறைப் பிள்ளை அதே கலத்தைப் பார்த்துப் 'பானை' என்று சொல்லிக் கற்கிறான். மானாமதுரைக் கடத்தை ஒருமுறை தட்டிக் கேட்கவைத்துப் பிறகு அவன் கிண்ணத்தையும் தட்டச் சொன்னால், நெருப்பு மண்ணுக்கு என்ன செய்கிறது என்பதை அவன் காதே சொல்லும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை வேறு. வெறும் களிமண், சுடப்படாத வரையில், எத்தனை முறை உலர்ந்தாலும் வாளி நீரில் ஓரிரவு ஊறினால் பழையபடி குழைந்துவிடும். பிழையாய்ப்போன குதிரை மறுவாரம் வேறு குதிரையாக எழுந்திருக்கும். தவறு செய்வதற்கு இவ்வளவு தாராளமாக இடங்கொடுக்கும் சாதனம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. செயற்கைப் பசை மிகுந்த பொட்டல வகைகளோ ஒருமுறை இறுகினால் சரியாகக் குழைவதுமில்லை, சுட்ட மண்ணைப்போல் நிலைப்பதுமில்லை. பஞ்சுபோல் இலேசாக, பல வர்ணங்களில் வரும் நுரைவகை இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அதில் பாரமே இல்லாததால், கால் மெலிந்தால் உடல் சாயும் என்பதைக்கூடக் குழந்தை அறிந்துகொள்ள வழியில்லை.

இதையெல்லாம் ஓர் ஓவிய ஆசிரியரிடம் விஸ்தாரமாகச் சொல்லி, குயவரிடம் ஒரு கூடை மண் வாங்கி மூலையில் வாளியோடு வைத்துப் பாருங்களேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா சொல்வது சரிதான், ஆனால் வெள்ளை மண் சீருடையில் கறை வைப்பதில்லை, வகுப்பு முடிந்தால் துடைப்பத்தோடு நிற்பவன் நான் ஒருவன்தான்" என்றார். இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.