கால் சுற்று தாண்டிப் போய்

சின்ன விமானத்தின் கார்பரேட்டர் டியூனிங்கைக் கேட்டு ரசிக்க ஆசைப்படுகிறவர்கள் மீனம்பாக்கத்தில் ஆள் பிடிக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை செங்கம் ரோட்டுப் பக்கம், பழைய புல்லட் பார்க்கும் மெக்கானிக் கடை ஒன்றின் வாசலில், கடை திறந்த கையோடு போய் நின்றால் போதும். ஆசிரமத்தைச் சுற்றி மாதக்கணக்கில் தங்குகிறவர்களில் பலருக்கு புல்லட் மேல் தனிப் பிரியம். அதனால் இந்தப் பக்கம் அந்த வண்டிக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமியன்று மட்டும் போகாதீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாகத் தெரியும் நாளில் எந்த இன்ஜின் சத்தமும் தனியாகக் காதில் விழாது.

விமானத்தைச் சொல்லிவிட்டு புல்லட்டைக் காட்டுகிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். பயிற்சிப் பள்ளிகளில் பழகிப்போன செஸ்னா 152-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது லைகமிங் ஓ-235 இன்ஜின்: நாலு சிலிண்டர், 3.8 லிட்டர், 2,550 சுற்றில் 110 குதிரைத்திறன். காற்றே குளிர்விக்கும், ரேடியேட்டர் கிடையாது. பெட்ரோல் இறக்கையிலிருந்து தன் பாரத்திலேயே இறங்கி, மிதவை வைத்த கார்பரேட்டருக்கு வரும். திருவொற்றியூரில் உருவான புல்லட் 350-க்கும் இதே ஜாதகம்தான்: காற்றுக் குளிர்ச்சி, மேலே டேங்க், கீழே மிதவைக் கார்பரேட்டர், நிதானமாகச் சுற்றும் பெரிய சிலிண்டர். ஒன்றே ஒன்று, 346 சிசி.

அந்த ஒற்றைச் சிலிண்டர்தான் நமக்கு வசதி. 2,400 சுற்றில் ஓடும் விமான இன்ஜினில் நொடிக்கு 80 முறை வெடிக்கிறது; காதுக்கு அது ஒரே ரீங்காரம். புல்லட் 900 சுற்றில் நிற்கும்போது நொடிக்கு ஏழோ எட்டோதான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ஒரு அடி பிசகினால் பக்கத்து டீக்கடைக்காரருக்கே தெரியும்.

கேட்பதற்கு முன் ஒரே ஒரு கணக்கு. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். இழுவை அதிகம் வேண்டுமானால் பெட்ரோல் சற்றுத் தூக்கலாக, பன்னிரண்டரை, பதின்மூன்றுக்கு ஒன்று. பெட்ரோல் மிஞ்சினால் ‘ரிச்’, காற்று மிஞ்சினால் ‘லீன்’. கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் ஜெட் வழியே பெட்ரோல் தூவலாக எழும். இதில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. சில துளைகள், ஒரு ஊசி, ஒரு மிதவை.

வண்டி குளிர்ந்திருக்கும்போதே போய்விட வேண்டும். பழைய பாயிண்ட் செட் வண்டியானால் மெக்கானிக் கிக்கரை மெதுவாக அமுக்கி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துப் பிஸ்டனை மேட்டைத் தாண்ட வைத்து, பிறகு ஒரே மிதி. சோக் போட்ட நிலையில் எழும் சத்தம் கனமாக, கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல் இருக்கும். வேண்டுமென்றே ரிச்சாக்கப்பட்ட கலவை அது. இந்தக் குரலை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அரை மணியில் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் ஒரு ஓரம்.

இன்ஜின் சூடேறும்வரை நல்ல மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க மாட்டார். சூடேறியபின் முதலில் அவர் செய்வதைக் கவனியுங்கள்: ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரின் வாயில் உள்ளங்கையைக் குவித்துப் பாதி மூடுவார். காற்று குறைந்து கலவை ரிச்சாகும். இன்ஜின் உற்சாகமாக ஏறினால், அதுவரை லீனாக ஓடியிருக்கிறது. மூச்சுத் திணறி உட்கார்ந்தால் ஏற்கெனவே பெட்ரோல் தூக்கல். மீட்டர் எதுவும் இல்லாமல் இரண்டே நொடியில் நோய் தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம் இது. பலர் செல்போனைப் பார்த்துக்கொண்டே தவறவிட்டுவிடுவார்கள்.

“ஸ்லோ நிக்கவே மாட்டேங்குதுண்ணே, கொஞ்சம் ஏத்தி வைங்க” என்பார் வண்டிக்காரர். “ஸ்லோவுல ஒண்ணும் இல்ல தம்பி, ஏர்தான் ஓடியிருக்கு” என்று பதில் வரும். சென்னை யூகால் கம்பெனியின் மிக்கார்ப் விஎம் 24 பொருத்திய வண்டியில் இரண்டு திருகுகள் இருக்கும். ஸ்லோ திருகு, த்ராட்டில் ஸ்லைடை எவ்வளவு தூக்கி நிறுத்துவது என்பதை மட்டும் பார்க்கும். ஏர் ஸ்க்ரூதான் கலவையைப் பார்க்கும்: உள்ளே முறுக்கினால் ரிச், வெளியே விட்டால் லீன். முழுக்க மூடிவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே விடுவது வழக்கமான தொடக்கம்.

இனி காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவர் ஏர் ஸ்க்ரூவை மெல்ல வெளியே விடுகிறார். கனத்துக் கிடந்த அடிகள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன. சுற்று ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் இன்னும் ஏறும் என்று தோன்றும், ஏறாது. ஒரு கணம் அப்படியே நிற்கும். பிறகு அடிகளுக்கு நடுவே ஒரு வெறுமை, ஒரு தடுக்கல். லீன் பக்கம் தாண்டிவிட்டது. உடனே திருகு ஒரு நூல் திரும்பி வருகிறது. அடிகள் மறுபடி வரிசைக்கு வருகின்றன. அதன்பின் ஸ்லோவைக் குறைத்து, மீண்டும் ஏரைத் தொட்டுப் பார்ப்பார். சரியான இடத்தில் நேராகப் போய் நிறுத்துகிற மெக்கானிக்கை நான் நம்புவதில்லை. அந்த இடத்தைத் தாண்டாமல் அது எங்கே என்று தெரியாது. தாண்டியதும் காது உஷாராகும் அந்த அரை நொடியைப் பிடிக்கப் பழகிவிட்டால் பாதி ரசனை வந்துவிட்டது.

இப்போது விமானத்துக்கு வாருங்கள். பறந்து முடித்து நிறுத்தும் இடத்துக்கு வந்த செஸ்னாவைச் சாவியைத் திருப்பி அணைப்பதில்லை. பைலட் சிவப்புக் குமிழைப் பின்னால் இழுப்பார். அது கலவைக் குமிழ். பெட்ரோல் குறையக் குறைய இன்ஜின் சாகத்தான் வேண்டும். ஆனால் நன்றாக டியூன் செய்த இன்ஜின் அடங்குவதற்கு முன் ஒரு கணம் 25 முதல் 50 சுற்று வரை ஏறும். செங்கம் ரோட்டில் ஏர் ஸ்க்ரூ வெளியே வந்தபோது கேட்ட அதே ஏற்றம். ஏறாமலே அணைந்தால் ஐடில் (நம் ‘ஸ்லோ’தான்) கலவை லீன். நிறைய ஏறினால் ரிச். விமானத்தில் மெக்கானிக் திருகித் திருத்தக்கூடியது இந்த ஐடில் கலவையும் ஐடில் வேகமும்தான், அதுவும் உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மெயின் ஜெட் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது.

மிச்ச டியூனிங்கை ஒவ்வொரு முறையும் வானத்தில் பைலட்டே செய்கிறார். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். பெட்ரோல் அதே அளவில் வந்துகொண்டிருந்தால் கலவை ரிச்சாகும். 3,000 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டரை சதவீதம் குறைவு, 6,000 அடியில் 16 சதவீதத்துக்கு மேல். அதனால் மட்டமாகப் பறக்கத் தொடங்கியதும் சிவப்புக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார். சுற்று சற்றே ஏறும், பிறகு இன்ஜின் அதிரும். நாலு சிலிண்டருக்கும் கலவை சமமாகப் போய்ச் சேர்வதில்லை. எதற்குப் பெட்ரோல் மிகக் குறைவாகக் கிடைக்கிறதோ அது முதலில் மக்கர் செய்யும், மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்த அதிர்வு வந்ததும் குமிழைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார். வழவழவென்று ஆகிவிடும். தாண்டிப் போய்த் திரும்புவது இங்கேயும் உண்டு.

இதை நாமும் கொஞ்சம் அனுபவிக்கலாம். போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறுங்கள். அந்த மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர். அந்த உயரத்தில் திருவண்ணாமலையைவிடக் காற்று ஐந்து சதவீதம்போல மெலிவு. வண்டி நின்றுவிடாது, டியூனிங்கும் தேவைப்படாது. ஆனால் கீழே சரியாக நின்ற ஸ்லோவில் மேலே ஒரு சோம்பல் கலந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் காதுக்கு முதல் வகுப்பு மார்க் போடலாம்.

கார்த்திகை தீப நாட்களின் ஈரக் காற்று பைலட்டுக்கு வேறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. கார்பரேட்டர் கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கு மேல் சரியலாம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே பனிக்கட்டி பிடித்துக் காற்று வழியை அடைக்கும். த்ராட்டிலைக் குறைத்துக் கீழே இறங்கும்போது ஆபத்து அதிகம். கார்ப் ஹீட் குமிழை இழுத்தால் சூடான காற்று வரும், சுற்று உடனே குறையும். பனிக்கட்டி இருந்தால், உருகிய நீரை விழுங்கிய இன்ஜின் சற்று நேரம் முரண்டு பிடித்து, பிறகு முன்பைவிட மேலே ஏறும். இன்ஜின் திணறுகிறதே என்று பயந்து குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு.

மிதவைக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்கள் திடீரென மூக்கைக் கவிழ்த்தால் அவற்றின் மெர்லின் இன்ஜின் கட் ஆகிவிடும். கிண்ணத்தில் பெட்ரோல் மேலே எறியப்பட்டு மிதவை ஏமாந்துபோகும். ஜெர்மன் விமானங்களில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை. 1941-இல் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் தடுப்பைப் பெட்ரோல் வழியில் வைத்துத் தற்காலிகத் தீர்வு கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். அவர் 1934-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் மோட்டார் சைக்கிளை மணிக்கு 106 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டியவர். மோட்டார் சைக்கிள்காரர்களின் காதை விமானக்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ரசனை என்றால் எல்லாவற்றையும் ரசிப்பதில்லை. ‘டுக்... டுக்’ என்று எண்ணி எண்ணி அடிக்க வேண்டும் என்பதற்காக ஸ்லோவைப் பாதாளத்தில் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜினோடு சேர்ந்து ஆயில் பம்பும் மெதுவாகத்தானே சுற்றும்? மேலே ராக்கர் காயும். காதைக் கிழிக்கும் சைலன்சர் மாட்டிய வண்டியையும் விட்டுவிடுங்கள்; அதில் கலவையின் குரல் கேட்காது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபின் புது புல்லட் எல்லாம் இன்ஜெக்ஷன். மலையோ மழையோ தானே சரிசெய்துகொள்கிறது, புகையும் குறைவு. நல்ல விஷயம்தான், நம் காதுக்குத்தான் வேலையில்லை.

கடைசியில் உங்கள் காதைச் சோதிக்க பிளக் இருக்கிறது. வண்டி ஒரு ஓட்டம் போய் வந்ததும், பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே மனதுக்குள் தீர்ப்புச் சொல்லிவிடுங்கள். த்ராட்டிலை வெடுக்கென்று முறுக்கியபோது இருமியதா, விட்டபோது சைலன்சரில் படபடவென்று பொரிந்ததா? லீன் என்று சொல்லுங்கள்; பிளக் நுனி வெளுத்திருக்கும். மந்தமாக ஏறிக் கரும்புகை விட்டதா? கரி படிந்திருக்கும். டீ நிறம் என்றால் டியூனிங் கச்சிதம். ஒரு எச்சரிக்கை: இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை லீன் பக்கம் சாய்கிறது, பிளக்கும் வெளுப்பாகவே வருகிறது. ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும் என்கிறார் ஒருவர். மெயின் ஜெட்டையே ஒரு சைஸ் பெரிதாக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இந்த வாதம் கடை வாசலில் தொடங்கினால் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.