டேப்பெட் சத்தமும் அதன் போலிகளும்

பழைய கார் எஞ்சினிலிருந்து 'டிக் டிக்' என்று ஓசை எழுந்தால் பட்டறையில் அதற்கு உடனே கிடைக்கும் பெயர் டேப்பெட் சத்தம். பெரும்பாலும் அந்தப் பெயர் சரியாகவே அமைந்துவிடும். ஆனால் தளர்ந்த ஸ்பார்க் பிளக், வெடித்த மேனிபோல்டு பேக்கிங், தேய்ந்த பெட்ரோல் பம்ப், ஆட்டம் கண்ட பிஸ்டன் பின் என்று வேறு பலவும் ஏறத்தாழ அதே குரலில் பேசக்கூடியவை. இவற்றில் சில ஐந்து நிமிட வேலை. ஒன்றிரண்டு எஞ்சினையே இறக்க வைப்பவை. எதையும் கழற்றுவதற்கு முன்பே இன்னது என்று சொல்லிவிடுவதில்தான் இந்த வித்தையின் அழகு இருக்கிறது.

இது முழு வீச்சில் வெளிப்படுவது புஷ்ராட் எஞ்சின்களில். அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின், பிரீமியர் பத்மினியின் 1089 சி.சி. ஃபியட் எஞ்சின், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின் ஆகிய மூன்றும் இந்த இனம். கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் சுழலும். அதன் முட்டு டேப்பெட்டைத் தூக்க, டேப்பெட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராட் ராக்கரைச் சாய்க்க, ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். சூட்டில் உலோகம் நீளும் என்பதால் ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டாக வேண்டும். பி.எம்.சி. எஞ்சினுக்கு வழக்கமான அளவு 0.015 அங்குலம், லேத்காரர்கள் 15 தவ் என்பார்கள், மில்லிமீட்டரில் 0.38. ஒவ்வொரு முறையும் ராக்கர் இந்த இடைவெளியைக் கடந்துதான் வால்வைத் தொடுகிறது. ஆகவே மெல்லிய டிக் ஓசை இந்த எஞ்சின்களோடு கூடப்பிறந்தது. எட்டு வால்வும் ஒரே அளவில் தட்டினால் தையல் மிஷின் ஓடுவதுபோல் சீராகக் கேட்கும். ஒன்று மட்டும் தனித்து ஒலிக்கும்போதுதான் விசாரணை தொடங்குகிறது.

முதல் கேள்வி 'எங்கே' என்பதாக இருக்கக் கூடாது. வார்ப்பிரும்பு ஓசையை நெடுந்தூரம் கடத்தும்; முன்பக்கத்துக் கோளாறு பின்பக்கத்தில் உரக்கக் கேட்கும். தேர்ந்த காது முதலில் தாளத்தைப் பிடிக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஸ்லோவாக ஓடும்போது ஒரு வால்வு 400 முறைதான் திறக்கும். அதாவது நொடிக்கு ஆறு, ஏழு தட்டு. கிராங்க் வேகத்தில் எழும் ஓசையானால் நொடிக்குப் பதின்மூன்றைத் தாண்டும். எண்ண முடியாவிட்டாலும் இரண்டுக்குமுள்ள வேறுபாடு பழகிய காதுக்குத் தெளிவாகவே படும். சந்தேகம் வந்தால் டைமிங் லைட் இருக்கிறது. முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டினால் கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை அது மின்னும். மின்னலுக்கு ஒரு தட்டு என்றால் ஓசை கேம் வேகத்தில் வருகிறது. இரண்டு தட்டு என்றால் கிராங்க் வேகத்தில். இந்த விதிக்கும் விலக்கு உண்டு: தேய்ந்த பிக் எண்ட் பேரிங் தன் சிலிண்டர் வெடிக்கும் நேரத்தில் மட்டும் அடித்து, வால்வின் தாளத்திலேயே ஒலிப்பதுண்டு.

அடுத்த கேள்வி 'எப்போது'. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கேட்டுச் சூடேறியதும் மறையும் ஓசைக்கும், சூடேறிய பிறகே தலைகாட்டும் ஓசைக்கும் குணம் வேறு. முன்னது பெரும்பாலும் பிஸ்டனிலோ எக்ஸாஸ்ட் பேக்கிங்கிலோ பிறப்பது. இரும்பும் அலுமினியமும் விரிந்து இடுக்கை அடைத்ததும் அடங்கிவிடும். பின்னது எண்ணெய் இளகிய பிறகு பேரிங்கில் பிறப்பது, கூடுதல் கவலைக்குரியது. இந்தக் கட்டத்திலேயே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட வேண்டும். எண்ணெய் குறைந்த எஞ்சினில் எந்தச் சோதனையும் உண்மையைச் சொல்லாது.

இடம் தேடும் முறை இதற்குப் பிறகுதான். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதின் முன்புள்ள எலும்பில் வைத்துக் கேட்பது பழைய பட்டறை முறை. மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பும் இதையேதான் செய்கிறது. வசதி சற்றுக் கூடுதல். ஒரே இடத்தில் கேட்டு முடிவுசெய்வது தவறு. ராக்கர் கவரில், பிளாக்கின் பக்கவாட்டில், சம்பில், டைமிங் மூடியில் என மாற்றி மாற்றிக் கேட்டு, எங்கே ஓசை உரக்கிறது என்பதைவிட எங்கே கூர்மையாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றுக் கசிவைத் தேட ஸ்க்ரூடிரைவர் உதவாது. அதற்கு ஒரு முழ ரப்பர் ஹோஸ், ஒரு முனை காதில், மறு முனை மேனிபோல்டு ஓரமாக. ஃபேன் சுழலும் எஞ்சின் மீது குனியும்போது தோளில் துண்டு கிடக்கக் கூடாது.

ஓசை மேலேதான் என்று உறுதியானால் ராக்கர் கவரைக் கழற்றி, எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் இடையில் செருகிப் பார்க்கலாம். எண்ணெய் தெறிக்கும், கை நடுங்காமல் இருக்க வேண்டும். ஏழு வால்வுகளில் ஒன்றும் மாறாது; எட்டாவதில் தகடு நுழைந்ததும் ஓசை சட்டென்று அடங்கும். குற்றவாளி இவ்வளவு நேரடியாகப் பிடிபடும் சோதனை எஞ்சின் வேலையில் வேறு அதிகம் இல்லை.

சரிசெய்வதற்கு எஞ்சினை நிறுத்திவிட்டு 'ஒன்பது கணக்கு' போட வேண்டும். பி.எம்.சி. எஞ்சினில் எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதின் இடைவெளியை வைப்பது. ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். கையேடு இல்லாமலே நினைவில் நிற்கும் முறை.

அளவு சரியாக வைத்த பிறகும் தட்டிக்கொண்டே இருக்கும் வால்வில்தான் வித்தைக்காரர் வெளிப்படுகிறார். நெடுநாள் ஓடிய ராக்கரின் நுனியில், வால்வுத் தண்டு படும் இடத்தில் சிறு குழி விழுந்திருக்கும். ஃபீலர் தகடு தட்டையானது. குழிக்குள் இறங்காமல் விளிம்பின் மேல் பாலம்போல் கிடக்கும். தகடு 15 தவ் காட்டும்போது உண்மையான இடைவெளி இன்னும் அதிகம். ராக்கர் நுனியைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் எத்தனை முறை திருகினாலும் ஓசை போகாது. ராக்கர் ஷாஃப்ட்டின் தேய்மானமும் இப்படித்தான் ஏய்க்கும்: பளு விழும் அடிப்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதால் மேலிருந்து பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். சரிசெய்த இடைவெளி சில வாரங்களில் மீண்டும் கூடிவிட்டால் கேமின் முட்டோ டேப்பெட்டின் முகமோ கரைந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அது திருகி ஆற்றும் நோயல்ல.

இனி போலிகள். எக்ஸாஸ்ட் மேனிபோல்டு பேக்கிங் வெடித்தால் குளிர்ந்த எஞ்சினில் டேப்பெட்டைப் போலவே டிக் என்னும். ரெய்ஸ் செய்தால் 'புஸ்' கலந்து உரக்கும். இணைப்பில் கரிக்கோடு ஓடியிருப்பதே சாட்சி. தளர்ந்த பிளக்கின் அடியைச் சுற்றி எண்ணெய் விட்டால் குமிழியிடும். ஒழுகும் பிளக் வயரை இருட்டில் பார்க்க வேண்டும். நீலப் பொறி தாவுவது தெரியும். டைமிங் செயின் தளர்ந்தால் தட்டுவதைவிட உரசிச் சலசலக்கும், அதுவும் முன்மூடிக்குள்ளே. டைனமோ, வாட்டர் பம்ப் மீது சந்தேகம் இருந்தால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டாலே தெரிந்துவிடும். மாரிஸ் மைனர் போன்ற பிரிட்டிஷ் கார்களில் எஸ்.யு. மின்பம்ப் சாவியைத் திருப்பியதுமே டிக்டிக்கும். கார்புரேட்டர் நிரம்பியதும் ஓயும். ஓயாமல் வேகமாகத் தட்டினால் டேங்க் காலி, அல்லது எங்கோ கசிவு.

கனமான ஓசைகளுக்கு இதே பொறுமை இரட்டிப்பாக வேண்டும். பிஸ்டன் ஸ்லாப் குளிரில் மந்தமாக, உள்ளீடற்ற மரத்தைத் தட்டினாற்போல் கேட்கும். சந்தேகப்படும் சிலிண்டரில் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓட்டினால் சிறிது நேரம் அடங்கும். பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால், ஓரளவு வேகத்தில் ஆக்சிலரேட்டரை விடும் கணத்தில் கீழிருந்து அடி கேட்கும். சூடான பிறகு ஆயில் விளக்கு ஸ்லோவில் கண்சிமிட்டும். பாயின்ட் வைத்த பழைய எஞ்சின்களில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எர்த் செய்து அந்தச் சிலிண்டரின் வெடிப்பை நிறுத்திப் பார்ப்பதே தீர்ப்பு. ஓசை குறைந்தால் அதே சிலிண்டரின் பேரிங்; ஒற்றைத் தட்டு இரட்டைத் தட்டாக மாறினால் பிஸ்டன் பின்; மாறாமல் நின்றால் பெரும்பாலும் மேலேயுள்ள வால்வு வகையறா. விற்க வந்த கார் சந்தேகத்துக்கிடமாக அமைதியாக இருந்தால் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. கெட்டியான ஆயிலை ஊற்றி இந்த ஓசைகளைச் சில நாள் அமுக்கி வைப்பது புரோக்கர்களின் பழைய தந்திரம்.

அமைதி எல்லா நேரமும் நல்ல அறிகுறி அல்ல. இடைவெளியே இல்லாமல் இறுக்கிய டேப்பெட் சத்தம் போடாது. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டை ஸீட்டுக்கு இறக்குகிறது. அது தடைபட்டால் விளிம்பு கருகிக் கம்ப்ரஷன் போய்விடும். அனுபவசாலிகள் ஓரிரு தவ் அதிகமாகவே விடுவதும், லேசாகத் தட்டும் எஞ்சினை மாற்றாமல் விடுவதும் இதனால்தான்.

வேலை முடிந்ததும் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி மீண்டும் கேட்க வேண்டும். ஹெட் கழற்றி மாட்டியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடியபின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்குவது முறை. பி.எம்.சி. எஞ்சினில் அவற்றுள் நான்கு ராக்கர் ஷாஃப்ட்டின் கால்களையும் சேர்த்தே பிடித்திருப்பவை. ஹெட் கீழே அமரும்போது இடைவெளி குறையும் என்பதால், எட்டு வால்வையும் அதற்குப் பிறகு இன்னொரு முறை அளந்தாக வேண்டும்.