யாழ்ப்பாணம் போய்வந்தவர்கள்

யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்து பிரயாணக் கட்டுரை எழுதாத தமிழ் எழுத்தாளரைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலம் சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாட்களில் அது நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. பிரயாணம் ஏறக்குறைய நாலு மணி நேரம். எங்கள் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து சென்னைக்குப் போக இதைவிட அதிக நேரம் பிடிக்கும். போவது நல்ல காரியந்தான். போய்வந்தவர்கள் எழுதுகிறதைப் பற்றித்தான் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.

இந்தக் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு ஏற்பட்டுவிட்டது. முதலில் பொது நூலகம். 1981ல் அது எரிக்கப்பட்டதையும், சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதையும் நினைத்து, புதுப்பித்த கட்டிடத்தின் முன்னால் ஆசிரியர் கண் கலங்குவார். அடுத்தாற்போல் குண்டு துளைத்த சுவர். பிறகு நல்லூர்க் கோயில், ஒடியல் கூழ், ‘என்ன அழகான தமிழ்!’ என்று ஒரு வியப்பு. கனத்த மனத்துடன் ஊர் திரும்புவதோடு கட்டுரை முடியும்.

இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் கட்டுரை நெடுகிலும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவராவது ஆசிரியரை மறுத்துப் பேசுவதில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டுகிறது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் தாமே ஓவென்று அழுது, வீட்டுக்காரர்கள் தமக்குச் சமாதானம் சொல்லும்படி செய்துவிடுகிற உறவினர் எல்லாக் குடும்பங்களிலும் ஒருவர் இருப்பார். நம் பிரயாணக் கட்டுரை ஆசிரியர் அந்த உறவினர்தான்.

காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் நோக்கிப் போனால் பக்கத்திலேயே மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். யுத்தத்தில் அது பட்ட சேதத்தை எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். 1968ல் ஒடுக்கப்பட்ட சாதியார் உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டுப் போராடியதும், வழிமறிக்கப்பட்டதும் அதே கோயிலில்தான். அக்காலத்துத் தேநீர்க்கடைப் போராட்டங்களையும் கோயில் போராட்டங்களையும் விஷயமாகக் கொண்டு, கே. டானியல் 1972ல் ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொன்ன குறை அது. கப்பலேறுமுன் அதைப் படித்திருந்தால் கோயில் சுவரைப் பார்க்கிற பார்வையே வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1995 அக்டோபர் 30ஆம் தேதி, ராணுவம் நெருங்கிவந்த நிலையில், யாழ்ப்பாண நகரத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே நடந்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சரியாக ஐந்து வருஷங்களுக்கு முன், 1990ல், அதே அக்டோபர் 30ஆம் தேதிதான் அந்நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு வைத்து விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகத் தெருவுக்குப் போகாமல் யாழ்ப்பாணத்தின் துக்கத்தை எப்படி எழுதி முடிக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அரசாங்கப் படை, இந்தியப் படை, இயக்கங்கள் ஆகிய எல்லோருடைய கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதிய ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களில் ஒருவர், மருத்துவப் பேராசிரியை ராஜனி திராணகம. 1989 செப்டம்பர் 21ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊரில் நிஜத்தை எழுதியவர்கள் கொடுத்த விலை அது. நாம் கொடுப்பது கப்பல் டிக்கெட்டுக்கு மட்டுமே.

கடைசியாக, நம்மைப் பற்றிய குறை. 2025 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் மீனவர்கள் காயமடைந்தார்கள். இங்கே எழுந்த கோபம் நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவைமடி தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாகவும், கடலின் அடியையே சுரண்டிவிடுவதாகவும் வட இலங்கைத் தமிழ் மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். யுத்த காலத்தில் கடலுக்குப் போகவே முடியாதிருந்தவர்கள் அவர்கள். 2017ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அவர்களுடைய தமிழின் அழகை வியக்கிற ஆசிரியர், அந்தத் தமிழில் அவர்கள் நம்மிடம் கேட்கிற கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறார்.

பிரயாண இலக்கியம் என்பது பார்த்ததைச் சொல்வது என்கிறார்கள். கேட்டதைச் சொல்வதும் அதில் பாதி என்பது என் கட்சி. பருத்தித்துறையில் ஒருவர் அறுந்த வலையைக் காட்டி, “இதுக்கு என்ன சொல்லுறியள்?” என்று கேட்க, பதில் சொல்லத் தெரியாமல் நின்றதையும் மறைக்காமல் எழுதுகிற கட்டுரை ஒன்று வரட்டும். அது நடை சுமாராக இருந்தாலும் நான் இரண்டு தரம் படிப்பேன்.