சோனகத் தெரு எங்கே?

யாழ்ப்பாணத்துக்காக அரசுப் படையும் புலிகளும் 1995இல் நிகழ்த்திய போரைப் பாடிய கவிதைகள் பல, அக்டோபர் 30ஆம் நாளின் பெரும் இடப்பெயர்வில் உருகுகின்றன. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் நடந்த துயரம் மெய். அதைப் பாடியதில் குற்றமில்லை. ஆயின் ஊரே முதன்முறை வெறுமையுற்றதுபோல் பாடுவது எங்ஙனம் பொருந்தும்?

அதே அக்டோபர் 30, 1990. சோனகத் தெரு முஸ்லிம்களைப் புலிகள் ஜின்னா மைதானத்தில் கூட்டி, வெளியேற இரண்டே மணி நேரம் தந்தனர். 1995 டிசம்பரில் நகரம் படையினர் வசமானபோது அம்மக்களுட் பலர் புத்தளத்து அகதிக் குடிசைகளில் இருந்தனர். சந்தமும் படிமமும் சிறந்த கவிதைகளிலும் அத்தெரு இல்லை. மறதியா, அச்சமா? அச்சமெனில் மன்னிக்கலாம், போர் முடிந்த 2009க்குப் பின்னும் அதே மௌனமெனில் என் சொல்வது?

யாழ் நூலகம் 1981இல் எரிந்தபோது ‘புத்தரின் படுகொலை’ பாடியவர் எம்.ஏ. நுஃமான்.