வேலை தெரிந்த நாவல்கள்

நான் திட்டம் போட்டுப் படிக்கிறவன் இல்லை. புத்தகக் காட்சியிலிருந்து அள்ளி வந்ததில் எது மேலாகக் கிடக்கிறதோ அது முதலில். நடைபாதைக் கடையில் பாதி விலைக்குக் கிடைத்தது அடுத்து. இரவல் கொடுத்த நண்பர் திருப்பிக் கேட்டு நச்சரிக்கத் தொடங்கினால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். இப்படிக் கைக்கு வந்த வரிசையில் அண்மையில் படித்தவற்றில் ஐந்து நாவல்கள் மனத்தை விட்டுப் போக மறுக்கின்றன. ஐந்தும் பழையவை, இருப்பதில் இளையது 1994-இல் வந்தது. ஊர் வேறு, சாதி வேறு, நடை வேறு. ஐந்திலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

இதிலென்ன அதிசயம் என்பீர்கள். நம் நாவல்களில் வேலை செய்கிறவர்கள் குறைவு என்பது என் நெடுநாள் குறை. காதலிக்கிறார்கள், மனம் புழுங்குகிறார்கள், திண்ணையில் சாய்ந்துகொண்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்கள். நாயகன் ஆபீசுக்குப் போனான் என்று ஒரு வரி வரும். அடுத்த வரியில் சாயங்காலம் ஆகிவிடும், மனைவி காப்பியோடு நிற்பாள். நடுவில் அவன் கை என்ன செய்தது? எழுதியவருக்குத் தெரியாது, அல்லது அதெல்லாம் இலக்கியத்துக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். ஒரு மனிதன் விழித்திருக்கும் நேரத்தில் பாதியை அப்படியே தாண்டிப் போகிற கதைகளில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

சா. கந்தசாமியின் 'சாயாவனம்' அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியது போன்ற நாவல். 1969-இல் வாசகர் வட்டம் வெளியிட்டது. வெளிநாட்டில் பொருள் சேர்த்துக்கொண்டு தாயின் ஊருக்குத் திரும்புகிற சிதம்பரம், ஒரு வனத்தை விலைக்கு வாங்கி, அதை அழித்து, அந்த இடத்தில் கரும்பாலை கட்டுகிறான். கதை என்று சொல்ல இவ்வளவுதான். காதல் இல்லை. வில்லன் இல்லை. சிவனாண்டித் தேவர் என்ற மாமா இருக்கிறார். அவரும் பெரும்பாலும் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் வேலை இருக்கிறது, பக்கம் பக்கமாக. எங்கிருந்து வெட்டத் தொடங்குவது, எந்தக் கொடியை அறுத்தால் எது சரியும், உள்ளே போக வழி எப்படிப் போடுவது என்று சிதம்பரம் உள்ளூர்ப் பையன்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே அரிவாளோடு இறங்குகிறான். வெட்டிய இடம் கையகலம், நிற்கிற வனமோ மலை போல. அரிவாளால் ஆகாது என்று தெரிந்ததும் தீ வைப்பதைப் பற்றி யோசிக்கிறான். அந்த யோசனையையும் கந்தசாமி ஒரு வேலையாகவே எழுதுகிறார். காற்று, காய்ந்த சருகு, தீயை எங்கே வைத்தால் எங்கே போகும் என்ற கணக்கு. பிறகு தீ எழுகிறது, மூங்கில் வெடிக்கிறது, பறவைகள் கலைந்து கூவுகின்றன.

இந்த இடத்தில்தான் நாவல் வாசகனுக்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. அத்தனை பக்கம் சிதம்பரத்தோடு சேர்ந்து முள்ளில் கிழிபட்டு வியர்த்துவிட்ட நமக்கு, தீ நன்றாகப் பிடிக்க வேண்டுமே என்ற தவிப்பு வந்துவிடுகிறது. காடு அழியட்டும் என்று நாமே விரும்பிப் படித்துக்கொண்டிருக்கிறோம். வேலை முடிய வேண்டும் என்கிற ஆசைக்கு நியாய அநியாயம் கிடையாது. இதைச் சூழலியல் நாவல் என்று பலரும் வகைப்படுத்துகிறார்கள், தவறில்லை. ஆனால் மரம் வெட்டாதே என்று அதில் யாரும் நமக்குப் பாடம் நடத்துவதில்லை. ஆசிரியர் சிதம்பரத்தின் திறமையை உள்ளூர வியக்கிறார் என்றுகூட எனக்குப் படுகிறது. அதனால்தான் பின்னால் வரும் இழப்பு நம்மைத் தைக்கிறது. நாவல் ஆரம்பிக்கும்போது சிதம்பரம் நிற்பது ஒரு புளியந்தோப்பின் முன்னால். கடைசியில் ஊர்ப் பெண்மணி ஒருத்தி அவனிடம் சொல்வதும் புளியைப் பற்றித்தான். வனத்திலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த புளி இனிக் கிடையாது. இதைச் சொல்லக் கந்தசாமி குரலை உயர்த்தவே இல்லை. ஆலை ஓடிக்கொண்டிருக்கும் ஊரில், சமையலில் ஒரு சாமான் குறைகிறது, அவ்வளவோடு விட்டுவிடுகிறார்.

குறையும் சொல்ல வேண்டும். உரையாடல்கள் சில இடங்களில் தட்டையாக விழுகின்றன. பெண்கள் நடமாடுகிறார்கள், ஆளாக நிற்பதில்லை. சிதம்பரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசி வரை பிடி கிடைக்கவில்லை. இதில் கடைசியைக் குறையென்று சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம். வேலையில் மூழ்கிய ஆட்களை நேரில் பார்த்தாலும் அப்படித்தானே இருக்கிறது?

நடுவில் ஒரு வார்த்தை. இந்த நாவல்களுக்கு இடையே ஒரு தடித்த புதிய நாவலையும் படித்தேன். பெயர் வேண்டாம். அதிலும் ஒரு தொழில் வருகிறது. ஆசிரியர் உழைத்துத் தகவல் திரட்டியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் திரட்டியதில் ஒன்றையும் விட மனசில்லை. கருவிகளின் பெயர் வரிசையாக வருகிறது, ஒவ்வொன்றின் உபயோகமும் வருகிறது. பாத்திரம் ஒன்று இன்னொன்றுக்கு, அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை விளக்கிச் சொல்கிறது. முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு யாராவது உளியின் பெயரைச் சொல்லிக் கொடுப்பார்களா? வேலை தெரிந்தவன் வேலையைப் பற்றிப் பேசுவது மிகக் கொஞ்சம். பேசினால், அன்று அது எங்கே இடறியது என்பதைப் பற்றித்தான் பேசுவான்.

அந்த இடறலை அசோகமித்திரன் போல எழுதியவர் யாருமில்லை என்பேன். 'கரைந்த நிழல்கள்' சினிமா பற்றிய நாவல் என்று கேள்விப்பட்டு நட்சத்திர வம்புக்காக எடுத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். புரொடக்‌ஷன் மானேஜர் நடராஜன் விடியற்காலையில் எழுந்து அவுட்டோர் படப்பிடிப்புக்கு ஆட்களைத் திரட்டக் கிளம்புகிறான். வண்டி வர வேண்டும், வந்த வண்டி ஓட வேண்டும், இன்னார் வீட்டுக்குப் போய் இன்னாரை எழுப்ப வேண்டும். ஒருவர் தாமதித்தால் இன்னொருவருக்குக் கோபம். வெயில் ஏறிக்கொண்டே இருக்கிறது. படத்தின் கதை என்ன, பாட்டு எப்படி என்பதெல்லாம் நமக்கு ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. இத்தனை பேரையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிறுத்திவிட முடியுமா என்பதிலேயே மூச்சு முட்டுகிறது. கதாநாயகி ஜயசந்திரிகா வரவில்லை என்றால் அத்தனையும் வீண். தயாரிப்பாளர் ரெட்டியார் அவள் வீட்டுக்கே போய் நிற்கும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தேன். யார் பக்கம் பரிதாபப்படுவது என்று தெரியவில்லை.

வேலை என்றால் வெட்டுவது, தைப்பது, ஏறுவது என்று கண்ணுக்குத் தெரிகிறதை எழுதுவது ஒரு விதத்தில் சுலபம். நடராஜனின் வேலைக்கு வடிவமே இல்லை. போன், கார், கெஞ்சல், சமாளிப்பு, காத்திருப்பு. நன்றாகச் செய்தால் அவன் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. ஏதாவது பிசகினால்தான் எல்லோருக்கும் அவன் பெயர் ஞாபகம் வரும். அசோகமித்திரன் 1952-லிருந்து 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் இருந்தவர். அங்கே பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது தம் வேலைகளில் ஒன்று என்றும், நாள் முழுக்கப் பத்திரிகையைக் கிழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் தாம் ஒன்றுமே செய்வதில்லை என்று நினைத்துக்கொண்டார்கள் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். பிறர் கண்ணுக்குத் தெரியாத வேலை எப்படிப்பட்டது என்பது அவருக்கு அந்த நாற்காலியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நாவலின் அமைப்பும் அந்தத் தொழிலைப் போலவே இருக்கிறது. ஓர் அத்தியாயத்தில் நாம் பழகிய ஆள் அடுத்ததில் இருக்கமாட்டான். நடராஜனும் அப்படித்தான் போகிறான். பின்னால் அவன் நிலை பற்றி நமக்குக் கிடைப்பது போகிறபோக்கில் ஒரு செய்தி. படம் நின்றால் ஆட்கள் கலைந்து வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், யாரும் யாரிடமும் விடைபெற்றுக்கொள்வதில்லை. இதைப் புதுமை என்று அப்போது விமர்சகர்கள் எழுதியிருக்கலாம். எனக்கு அது வடிவப் பரிசோதனையாகவே படவில்லை. கோடம்பாக்கத்தில் எந்த டீக்கடையிலும் பத்து நிமிஷம் நின்றால் கேட்கக்கூடிய நடப்பு அது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) வேலையைத் தள்ளி நின்று பார்க்கிற நாவல். அதற்குக் காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. லிஸி வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றுபோகிறது, வீட்டுக்குள் அடைபடுகிறாள். வீட்டு முன்பக்கத்து அடிச்சுக்கூட்டில் தாத்தா கண்ணப்பச்சி உட்கார்ந்திருக்க, உள்ளே இருந்து அவள் பார்க்கும் உலகத்தில் பனைவிளை இருக்கிறது, பனையேறிகள் இருக்கிறார்கள். பாளையை இடுக்கி, சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டி, தினமும் ஏறி இறங்கும் உழைப்பு. கீழே அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்புக்கட்டியாக்கும் அடுப்பு. மரம் லிஸி வீட்டாருடையது, ஏறுகிறவன் வேறு. இருவரும் ஒரே சாதி, ஒரே கோயிலில்தான் ஜெபம். ஆனாலும் ஏறுகிறவன் வீட்டுக்குப் பெண் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பனையேறி மகன் தங்கராஜின் மேல் லிஸி வைக்கும் பிரியத்துக்கு நடுவே நிற்பது முழுக்க முழுக்க அந்த வேலைதான்.

குமரி மாவட்டப் பேச்சு அச்சில் இவ்வளவு இயல்பாக ஓடியதைப் பார்க்கும்போது, இதை எழுதியவர் ஆங்கிலப் பேராசிரியை என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. எனக்குள்ள வருத்தம் பின்பகுதியில். கொலை, பழி, விசாரணை என்று கதை வேகம் பிடித்ததும் பனைமரங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. எல்லாம் நல்லபடி முடிய வேண்டும் என்று நாவலுக்கு அவசரம் வந்துவிடுகிறது. முதல் பாதியின் நிதானத்தை அப்படியே விட்டிருந்தால் போதுமே என்று ஏங்கினேன்.

பூமணியின் 'வெக்கை' (1982) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் 'அசுரன்' படமாக வந்து எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படம் பார்த்துவிட்டுப் படிப்பவர்களுக்கு நாவல் மிக அமைதியாகத் தோன்றும். இங்கேயும் ஒரு சிதம்பரம்தான், பதினைந்து வயது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுகிறான். கொலை முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. மீதமுள்ளது அப்பனும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரியும் எட்டு நாள். எங்கே படுப்பது, எதைத் தின்பது, எந்தத் தடத்தில் போனால் கண்ணில் படமாட்டோம். ஒளிந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று இதைப் படிக்கும்போதுதான் புரிந்தது. சோறு பொங்கும் பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. பழிவாங்கலைப் பற்றி அப்பன் மகனுக்கு நீளமாக ஒன்றும் சொல்வதில்லை. அடுப்புக் கூட்டும்போதும் இடம் பார்க்கும்போதும் கற்றுக்கொடுக்கிறான். அவர்களுக்குள் இருக்கும் பாசம் முழுதும் அதில் தெரிந்துவிடுகிறது.

கடைசியாக இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. 1994-இல் க்ரியா வெளியிட்டது. வேலையைச் சொல்லும் நாவல்களை ரசிப்பேன் என்று இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் இங்கே வந்து முட்டிக்கொண்டது. ஆரோக்கியம் தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கிறவள். வெளுப்பது அவள் வேலையில் ஒரு பங்குதான். பிரசவத்துக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், சாவு விழுந்தால் போக வேண்டும், அறுவடையில் களத்துக்குப் போக வேண்டும், இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வர வேண்டும். கூலி இவ்வளவு என்று கிடையாது. களத்தில் இன்னும் ஒரு முறம் நெல்லுக்காக அவள் நின்று மன்றாடுவதை இமையம் எந்த அவசரமும் இல்லாமல் எழுதிக்கொண்டே போகிறார். நாவல் வந்தபோது இதைச் சுற்றிப் பெரிய விவாதம் நடந்தது. ஒடுக்கப்பட்டவர்களையே ஒடுக்குகிறவர்களாகக் காட்டலாமா என்று ஒரு தரப்பு, தமிழில் இதுபோல ஒன்று வந்ததில்லை என்று இன்னொரு தரப்பு. அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி போதாது. ஆனால் புத்தகத்தைப் படித்த பிறகு ஆரோக்கியத்தின் ஒரு நாளில் எத்தனை வேலை என்பது மட்டும் மறக்கவில்லை.

சிதம்பரத்துக்கு வனம் அழிந்து முடிகிறது, நடராஜனுக்குப் படப்பிடிப்பு ஒருநாள் நின்றுபோகிறது. ஆரோக்கியத்தின் வேலைக்கு முடிவென்று ஒன்று இல்லை. ஒரு மூட்டை துணி வெளுத்து வருவதற்குள் இன்னொரு மூட்டை சேர்ந்திருக்கும். அதைவிட என்னை உலுக்கியது வேறு. இந்த வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று அவள் நினைப்பதாக நாம் எதிர்பார்க்கிறோம். அவளோ, காலம் மாறி ஊராருக்குத் தான் தேவைப்படாமல் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் பதறுகிறாள். என்னைக் கூப்பிடவில்லையே, என் வீட்டுக்குத் துணி வரவில்லையே என்று புலம்புகிறாள். அந்தப் புலம்பலுக்கு இமையம் பதில் எதுவும் வைக்கவில்லை.

இரவல் கொடுத்த நண்பர் இந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். களத்துக் காட்சியை இன்னொரு தடவை படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.